வெட்டி எடுத்த நோய் திரும்பி வந்தால்?

மலக்குடல் புற்றுநோய்க்கு இரண்டாந்தரம் செய்யும் சத்திரசிகிச்சை பற்றி ஒரு விளக்கம்

தோட்டத்துக் குடும்பத்தாருக்கு, கல்முனைக் கரையிலிருந்து.

உங்கள் மலையில் பறித்த கொழுந்துதான் எங்கள் வீடுகளில் விடியற்காலைப் பிளேன்டீ. எங்கள் மருதமுனைத் தறியில் நெய்த சாரன் உங்கள் லயத்துக் கொடியிலும் காய்கிறது. பசறை, லுணுகலைத் தோட்டங்களைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் பெரிய வீதி, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு வந்து எங்கள் பக்கத்தைத் தொடுகிறது. ஆகவே நாம் தூரத்து ஆட்கள் இல்லை. நோயைப் பற்றிய பயத்திலும் நாம் ஒரே மாதிரித்தான்.

"ஒருக்கா வெட்டி எடுத்தாச்சுங்க. அதுக்குப் பொறகும் வந்துருச்சுன்னா இனி வெட்டி என்னாத்துக்கு? ஆள ஏன் கஷ்டப்படுத்தணும்?" இது லயத்தில் கேட்கும் பேச்சு.

"ஒருக்கா வெட்டினது காணாதா வாப்பாக்கு? இன்னும் எத்தினை தரம் வெட்டுற? இனி அல்லாஹ் விட்ட வழி." இது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் கேட்கும் பேச்சு.

இரண்டும் பாசத்தில் வரும் பேச்சுத்தான். ஆனால் இதில் பாதிதான் சரி. மலக்குடலில் வந்த புற்றுநோய் வெட்டி எடுத்த பிறகு திரும்பி வந்தால், அது பாரதூரமான விசயம் என்பது சரி. இனி ஒன்றும் செய்ய முடியாது என்பது பிழை. சிலருக்கு இரண்டாந்தரமும் வெட்டி எடுக்கலாம். அவர்களில் ஒரு பகுதியினர் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கிறார்கள். யாருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறோம்.

மலக்குடல் என்பது எது?

நாம் சாப்பிட்டது இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று போய்க் கடைசியில் மலமாக வந்து தங்கும் இடம் மலக்குடல். மலவாசலுக்கு மேலே சுமார் 15 சென்ரிமீற்றர் நீளம். ஒரு சாணுக்கும் குறைவு. இடம் சின்னதுதான், ஆனால் நெருக்கடியான இடம். சுற்றிவர இடுப்பெலும்பு. முன்னால் ஆணுக்குச் சிறுநீர்ப்பையும் புரஸ்தகோளமும், பெண்ணுக்குக் கர்ப்பப்பையும் யோனி வழியும். பின்னால் முள்ளந்தண்டின் அடி எலும்பு. பக்கத்திலே காலுக்குப் போகும் பெரிய நரம்புகள். ஒரு சின்ன அலுமாரிக்குள் வீட்டுச் சாமான் முழுவதையும் அடைத்து வைத்த மாதிரி. இங்கே வந்த கட்டியைச் சுத்தமாக எடுப்பது சத்திரசிகிச்சை வைத்தியருக்குக் கஷ்டமான வேலை.

நம் நாட்டில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்கள் அபூர்வமானவை அல்ல. ஆண்களிலும் சரி பெண்களிலும் சரி, அதிகமாகக் காணப்படும் முதல் ஐந்து புற்றுநோய் வகைகளுக்குள் இவை வருகின்றன.

நோய் ஏன் திரும்புகிறது?

தேயிலை மலையில் இலுக்குப் புல் பிடுங்கிய எவருக்கும் இது விளங்கும். மேலே தெரிகிற புல்லை முழுக்க அரிந்து விடலாம். மண்ணுக்குள்ளே வேர்த்துண்டு ஒன்று நின்று போனால், அடுத்த மழைக்கு அது தலை நீட்டும். புற்றுநோயும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் சில உள்ளே தங்கினால், அவை மெல்ல மெல்லப் பெருகி மறுபடியும் கட்டியாகும். இது நோயாளி செய்த குற்றமும் இல்லை, யாருடைய கண்ணூறும் இல்லை.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. நோய் அணுக்கள் முதலில் பரவுவது அந்தக் கொழுப்புக்குள்ளேதான். முன்பு அந்த உறை கிழிந்து, பாதி உள்ளே தங்கிவிடும் விதத்தில் வெட்டுவது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரின் சத்திரசிகிச்சை வைத்தியர் பில் ஹீல்ட் என்பவர், அந்த உறையைக் கிழிக்காமல் முழுசாக, பொட்டலம் போல எடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று 1982ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். இன்று உலகம் முழுவதும் அந்த முறைதான்.

அதோடு, வெட்டுவதற்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்தால் இன்னும் நல்லது என்பதும் தெரிய வந்தது. சுவீடன் நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. வெட்டு மட்டும் செய்தவர்களில் 100க்கு 27 பேருக்கு 5 வருடத்துக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது. முன்கூட்டிக் கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 100க்கு 11 பேர்தான். பிறகு ஒல்லாந்து நாட்டில் ஹீல்டின் முறையையும் கதிர்வீச்சையும் சேர்த்துச் செய்தார்கள். 2001இல் வெளிவந்த அந்தக் கணக்கில், 2 வருடத்துக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியவர்கள் 100க்கு 3 பேருக்கும் குறைவு. கதிர்வீச்சு இல்லாமல் அதே முறையில் வெட்டியவர்களில் 100க்கு 8 பேர்.

இதனால்தான் வைத்தியர்மார் சிலருக்கு, "முதல்ல கரண்ட் பிடிச்சிட்டுப் பிறகு வெட்டுவோம்" என்று சொல்லுகிறார்கள். அது நாளைக் கடத்துவதற்கு அல்ல. முதல் வெட்டு சரியாக அமைந்தால் இரண்டாம் வெட்டே தேவைப்படாமல் போகலாம்.

எங்கே திரும்பி வருகிறது?

மூன்று விதமாக வரலாம். ஒன்று, முன்பு வெட்டிய அதே இடுப்புக் குழிக்குள். இரண்டு, ஈரலில் அல்லது நுரையீரலில். மூன்று, ஒரே நேரத்தில் பல இடங்களில்.

எப்போது வருகிறது என்பதும் முக்கியம். திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் 3 வருடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 5 வருடம் தாண்டிய பிறகு வருவது குறைவு. ஆகவே வெட்டுக்குப் பிந்திய முதல் 3 வருடம்தான் நாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய காலம்.

இரண்டாம் வெட்டு எப்படிப்பட்டது?

இடுப்புக் குழிக்குள் திரும்பி வந்த கட்டி, முதல் வெட்டின் தழும்போடு ஒட்டிக் கிடக்கும். அதைத் தனியாகப் பிரிப்பது முடியாத காரியம். அதனால் ஒட்டிய உறுப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டி வரலாம். சிலருக்குச் சிறுநீர்ப்பை, சிலருக்குக் கர்ப்பப்பை, சிலருக்கு அடி முள்ளெலும்பின் ஒரு துண்டு. பல மணித்தியாலம் எடுக்கும் வேலை. பெருங்குடல் சத்திரசிகிச்சை வைத்தியர், சிறுநீர் வழி வைத்தியர், புற்றுநோய் வைத்தியர் என்று பலர் கூடி யோசித்துச் செய்ய வேண்டியது. வெட்டுக்கு முன்னால் மருந்து ஏற்றுவதும், சிலருக்கு மறுபடி கொஞ்சம் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு.

எல்லா வைத்தியசாலையிலும் இதைச் செய்ய முடியாது. எங்கள் பக்கத்தில் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு பெரிய வைத்தியசாலைகள் உண்டு. அங்கே நோயை இனங்காணலாம், கிளினிக் காட்டலாம். புற்றுநோய்ப் பிரிவுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகிறோம். அதற்கும் மேலே தேவைப்பட்டால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு, அல்லது பெருங்குடல் சத்திரசிகிச்சைக்குப் பேர்போன ராகம போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். கல்முனையிலிருந்து கொழும்புப் பக்கம் போவதென்றால் ஒரு இராப் பயணம். உங்களுக்குப் பதுளையிலும் கண்டியிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. அங்கிருந்தும் இப்படித்தான் மேலே அனுப்புவார்கள். "தூரத்துக்கு அனுப்புறாங்க, அப்ப கைவிட்டுட்டாங்க" என்று நினைக்க வேண்டாம். கைவிட்ட ஆளை யாரும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதில்லை.

எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம்.

பல நாடுகளைச் சேர்ந்த 27 பெரிய வைத்தியசாலைகள் ஒன்றுசேர்ந்து தங்கள் கணக்கை 2018இல் வெளியிட்டன. 2004 முதல் 2014 வரை, மலக்குடல் புற்றுநோய் இடுப்புக்குள் திரும்பி வந்து இந்தப் பெரிய வெட்டைச் செய்துகொண்ட 1184 பேரின் கணக்கு அது.

வெட்டி எடுத்த துண்டை ஆய்வுகூடத்தில் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். துண்டின் ஓரத்தில் நோய் அணு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு. ஓரம் சுத்தமாக இருந்தால், உள்ளே ஒன்றும் தங்கவில்லை என்று நம்பலாம். ஓரத்தில் அணு தெரிந்தால், இலுக்கு வேர் மண்ணுக்குள்ளே நிற்கிறது என்று அர்த்தம். அந்த 1184 பேரில் 100க்கு 55 பேருக்கு ஓரம் சுத்தமாக வந்தது.

இந்த ஆட்களைப் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்த காலம் இருந்தவர் முன்னால், கூடிய காலம் இருந்தவர் பின்னால். சரியாக நடுவில் நிற்பவர் எத்தனை மாதம் இருந்தார் என்று பார்த்தால்:

ஓரம் சுத்தமாக வந்தவர்களில் நடுவில் நின்றவர் 36 மாதம்.

ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அணு மட்டும் தங்கியவர்களில் 27 மாதம்.

கண்ணுக்குத் தெரிகிற கட்டியே மிஞ்சி நின்றவர்களில் 16 மாதம்.

36 மாதம் என்றால் எல்லாரும் 3 வருடத்தில் போய்விட்டார்கள் என்பதல்ல. நடுவில் நின்றவருக்குப் பின்னால் பாதி வரிசை இருக்கிறது. அந்தப் பாதிப் பேர் 3 வருடத்துக்கு மேலே இருந்தவர்கள். அவர்களில் 5 வருடம் தாண்டியவர்களும் உண்டு. வெட்ட முடியாத நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் 5 வருடம் தாண்டுவது மிக மிகக் குறைவு.

வெட்டினால் வரும் ஆபத்தையும் மறைக்கக்கூடாது. அந்தக் கணக்கில் வெட்டுக்குப் பிறகு 30 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 2 பேருக்கும் குறைவு. பலர் நினைப்பது போல "மேசையிலேயே போய்விடுவார்" என்பது இல்லை. ஆனால் 100க்கு 32 பேருக்குப் பெரிய சிக்கல்கள் வந்தன. புண் ஆறாமை, உள்ளே சீழ் கட்டுதல், மறுபடி தியேட்டருக்குப் போக நேருதல் போன்றவை. பல வாரம் வார்ட்டில் கிடக்க வேண்டி வரலாம். இதைத் தெரிந்துகொண்டுதான் சம்மதம் சொல்ல வேண்டும்.

ஈரலில் மட்டும் திரும்பி வந்தால் கதை வேறு. ஈரல் வெட்டினால் மறுபடி வளரும் உறுப்பு. கட்டி குறைவாக, வெட்டக்கூடிய இடத்தில் இருந்து, நோயுள்ள பகுதியைச் சுத்தமாக எடுத்தவர்களில் 100க்கு சுமார் 40 பேர் 5 வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை எப்படி எடுத்துக்கொள்வது?

ஒரு விசயத்தைக் கவனியுங்கள். மேலே சொன்ன 1184 பேரும் வெட்டைத் தாங்கக்கூடியவர்கள் என்று பார்த்துத் தெரிவு செய்யப்பட்டவர்கள். நோய் பல இடத்தில் பரவியவர்களும் உடம்பு தாங்காதவர்களும் அதில் பெரும்பாலும் இல்லை. ஆகவே "நோய் திரும்பின எல்லாருக்கும் இதே மாதிரி" என்று எண்ணக்கூடாது. அதே நேரம், பக்கத்து லயத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்காக "நமக்கும் அப்படித்தான்" என்றும் எண்ணக்கூடாது. அவருடைய நோய் எங்கே வந்தது, எந்த நிலையில் கண்டது, ஓரம் சுத்தமாக வந்ததா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "நோய் ஒரு இடத்துல மட்டுமா, பல இடத்துலயா? முழுசா எடுக்க முடியும்னு நெனைக்கிறீங்களா? எடுத்தா ஆள் பொறகு எப்படி இருப்பார்?" இந்த மூன்றுக்கும் வரும் பதில்தான் உங்களுடைய கணக்கு. கிளினிக்கில் சனக்கூட்டம் இருந்தாலும் கேட்கத் தயங்க வேண்டாம். தமிழில் பேச ஆள் இல்லையென்றால் சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள்.

"இந்த முதுகு வலி கூடைச் சுமையால வந்தது"

ஓரம் சுத்தமாக வருவதற்கு, கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடிபட வேண்டும். இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். மருதமுனையில் ஐம்பத்தைந்து வயதுத் தறிகாரர் ஒருவர். மலக்குடலில் கட்டி எடுத்து ஒன்றரை வருடம். ஆள் தெம்பாகத்தான் இருக்கிறார். குந்தப்போனால் அடி முதுகில் ஒரு வலி. "நாள் முழுக்கத் தறியில குந்தினா நோகாமக் கிடக்குமா?" என்று எண்ணெய் தடவிக்கொள்கிறார். சாய்ந்தமருதுவில் கரைவலை இழுக்கிறவர் என்றால் "வலை இழுத்த நோவு" என்பார். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மா என்றால் "கூடை சுமந்த வலிதாங்க" என்பார். மூன்று பேரும் சொல்வது நியாயமாகத்தான் படும். உழைக்கிற உடம்பில் வலி இல்லாத நாள் ஏது? ஆனால் மலக்குடல் வெட்டு நடந்த ஆளுக்குப் புதிதாக வலி வந்து, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால், அதைக் கூடை மேலேயும் தறி மேலேயும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: அடி முதுகு, குண்டி, தொடை வழியாக இறங்கும் வலி. குந்தும்போது கூடும் வலி. மலவாசலிலோ வயிற்றுப் பை வழியாகவோ இரத்தம், சீழ். சலம் போகக் கஷ்டம். ஒரு கால் மட்டும் வீங்குதல். காரணமில்லாமல் மெலிதல். கண் மஞ்சளாதல்.

இன்னொன்று, இந்த அடையாளம் ஒன்றும் வராமலேயே நோய் திரும்பலாம். வலி வந்தபிறகு பார்த்தால், கட்டி ஏற்கெனவே நரம்பையோ எலும்பையோ பிடித்திருக்கலாம். அதனால்தான் சுகமாக இருக்கும்போதே கிளினிக் போக வேண்டும்.

கிளினிக் கொப்பியின் பெறுமதி

வெட்டுக்குப் பிறகு முதல் 2, 3 வருடம், 3 மாதத்துக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒருக்கா கிளினிக் வரச் சொல்வார்கள். அப்போது சிஈஏ என்று ஒரு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். 1965இல் கனடாவின் மொன்றியல் நகரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பொருளை அளக்கும் சோதனை இது. குடலில் புற்றுநோய் உள்ள பலருக்கு இந்தப் பொருள் இரத்தத்தில் கூடும். வெட்டிய பிறகு இறங்கும். இறங்கியது மறுபடி ஏறத் தொடங்கினால், எங்கோ நோய் தலை நீட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கு வேறு காரணமில்லாமலும் கொஞ்சம் கூடியிருக்கலாம். சிலருக்கு நோய் இருந்தும் கூடாது. அதனால் இந்த ஒன்றை மட்டும் நம்பாமல், இடைக்கிடை சி.ரி. ஸ்கானும், வெட்டி ஒரு வருடமளவில் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்வார்கள்.

இதனால் பிரயோசனம் உண்டா? இங்கிலாந்தில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு வெட்டுச் செய்துகொண்ட 1202 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. சுகமில்லை என்று வந்தால் மட்டும் பார்த்த கூட்டத்தில், திரும்பிய நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு வெட்டக்கூடியதாக இருந்தது 100க்கு 2 பேருக்கு. ஒழுங்காக இரத்தமோ ஸ்கானோ பார்த்த கூட்டங்களில் 100க்கு 7, 8 பேருக்கு. ஏறக்குறைய மூன்று மடங்கு. மொத்த இறப்புக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நோய் திரும்புகிறவர்களே மொத்தத்தில் குறைவு. ஆனால் திரும்பிய ஆளுக்கு, வெட்டக்கூடிய நேரத்தில் கண்டதும் காணாமல் விட்டதும் ஒன்றல்ல.

கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போகும் என்று எங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போகாத நாள் எங்களுக்கும் அடுப்பு எரியாத நாள்தான். ஆனாலும் வருடத்துக்கு மூன்று, நான்கு பேர் போவதைக் குடும்பமாகச் சேர்ந்து தாங்கிக்கொள்ளப் பாருங்கள். கிளினிக் திகதியைத் தோட்ட மருந்துசாலையிலும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆளைத் தனியாக அனுப்பாமல் ஒருவர் கூடப் போங்கள்.

கிளினிக் கொப்பி, வெட்டின அறிக்கை, ஆய்வுகூட அறிக்கை, ஸ்கான் படம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய கரை எங்களுடையது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்த மலை உங்களுடையது. ஆபத்து வந்தால் அடையாள அட்டையோடு அந்தப் பையும் கையில் வர வேண்டும். முதல் வெட்டில் என்ன செய்தார்கள் என்ற கடதாசி இல்லாமல் இரண்டாம் வெட்டைத் திட்டமிடுவது வைத்தியருக்குக் கஷ்டம்.

பைக்குப் பயந்து உயிரை விடலாமா?

இனி, யாரும் வெளியே சொல்லாத பயத்தைப் பற்றிப் பேசுவோம். இரண்டாம் வெட்டுக்குப் பிறகு அநேகமாக மலவாசல் வழியாக மலம் போகாது. வயிற்றில் ஒரு துவாரம் வைத்து, அதன் மேல் பை ஒட்டுவார்கள். சிறுநீர்ப்பையும் எடுத்தால் சிறுநீருக்கு இன்னொரு பை. "பையைக் கட்டிக்கொண்டு மனிசர் முகத்தில் எப்படி முழிப்பது?" என்று வெட்டையே வேண்டாம் என்கிறவர்கள் உண்டு.

எங்கள் பக்கத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு பேர் உண்டு. "உளு நிக்காது. தொழ ஏலாது. பள்ளிக்கு எப்படிப் போற?" மார்க்கத்தில் பேணுதலான வாப்பாமார் இதற்காகவே மறுப்பார்கள். ஆனால் மார்க்கம் இதில் கஷ்டப்படுத்தவில்லை. தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் வெளியேறுகிறவருக்குச் சலுகை உண்டு. நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின்படி, தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, உளுச் செய்து, அந்த பர்ளைத் தொழலாம். இடையில் பையில் வந்தது தொழுகையை முறிக்காது. வெட்டுக்கு முன்பே ஊர் மௌலவியிடம் வைத்தியர் சொன்னதை விபரமாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் மனம் ஆறும்.

தோட்டத்திலும் இதே பயம் வேறு உருவில் வரும். "கோயிலுக்குப் போகலாமா? வீட்டுல தனித் தட்டு, தனிப் பாயா?" ஒன்றும் வேண்டாம். புற்றுநோய் தொற்று நோய் அல்ல. பை சரியாக ஒட்டியிருந்தால் வாடை வராது. சட்டைக்கும் சேலைக்கும் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. தேருக்குப் போகலாம், காமன் கூத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம். குளிக்கலாம். புருசன் பெண்சாதியாக வாழ்வதில் சில கஷ்டங்கள் வரலாம். அதையும் வெட்கப்படாமல் வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்கலாம்.

வேலை விசயத்தில் மட்டும் கவனம். பாரம் தூக்கினால் துவாரத்துப் பக்கம் குடல் பிதுங்கலாம். நிறைந்த கொழுந்துக் கூடை, உர மூட்டை, தண்ணீர்க் குடம் எல்லாம் தள்ளி வைக்க வேண்டும். வைத்தியரின் கடிதத்தைக் காட்டி இலேசான வேலை கேளுங்கள். பை ஒட்டப் பழக்கும்போது வீட்டில் இன்னொருவரும் பழகுங்கள்.

செலவுக்கு என்ன வழி?

அரசாங்க வைத்தியசாலையில் வெட்டும் கதிர்வீச்சும் மருந்து ஏற்றலும் இலவசம். செலவு வருவது பஸ்ஸுக்கும், கூட நிற்கிறவரின் சாப்பாட்டுக்கும், வைத்தியசாலையில் கையிருப்பு இல்லாத மருந்துக்கும் பைக்கும்தான். காணியையும் நகையையும் அடகு வைக்க ஓடுவதற்கு முன்பு, ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவி பற்றியும் சமூக சேவை உதவி பற்றியும் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வைத்தியரின் கடிதமும் கிளினிக் கொப்பியும் கொண்டு போங்கள்.

வெட்ட முடியாது என்றால்?

சிலருக்கு இரண்டாம் வெட்டு முடியாது என்றுதான் பதில் வரும். கட்டி பெரிய நரம்பையும் இரத்தக் குழாயையும் பிடித்திருக்கலாம். பல இடங்களில் பரவியிருக்கலாம். உடம்பு தாங்காமல் இருக்கலாம். அதற்காக வீட்டுக்குக் கூட்டிவந்து மூலையில் படுக்கப் போடுவது சரியல்ல. கதிர்வீச்சினால் வலியையும் இரத்தப் போக்கையும் குறைக்கலாம். மருந்தினால் நோயைக் கொஞ்சக் காலம் கட்டி வைக்கலாம். கடும் வலிக்கு மோர்பின் குளிசையும் பாணியும் உண்டு. வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் பயப்படத் தேவையில்லை. வலியில்லாமல் வீட்டாரோடு இருந்து கதைத்துப் போவதும் ஒரு சிகிச்சையின் பலன்தான். வெட்டு வேண்டாம் என்று எல்லாம் விளங்கிக்கொண்டு நோயாளியே தீர்மானித்தால், அதையும் மதிக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் சொல்லாமல் மற்றவர்கள் கூடித் தீர்மானிப்பதுதான் பிழை.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு

தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், மற்றவர்களுக்கும் வரும் சாத்தியம் கொஞ்சம் கூட. 40 வயதளவில் ஒருக்கா வைத்தியரிடம் இதைச் சொல்லிப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வீட்டாளுக்கு இளவயதிலேயே வந்திருந்தால் அதற்கும் முன்பே கேளுங்கள். மலத்தோடு இரத்தம் போனால் "மூலம்தான், சூடு" என்று மோர் குடித்துவிட்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டாம். மூலமாகவும் இருக்கலாம். ஆனால் அதை விரல் விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

சுவரில் ஒட்டி வைக்க

1. வெட்டு முடிந்தால் நோய் முடிந்தது என்று எண்ணாதீர்கள். முதல் 3 வருடம் கிளினிக் ஒன்றையும் தவற விடாதீர்கள். 5 வருடம் வரை தொடருங்கள்.

2. புதிதாக வந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் இடுப்பு வலியைக் கூடை மேலே போடாதீர்கள்.

3. நோய் திரும்பியது என்றால், "முழுசாக எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். மேல் வைத்தியசாலைக்கு அனுப்பினால் போங்கள்.

4. பைக்குப் பயந்து வெட்டை மறுக்காதீர்கள். தொழுகைக்கும் கோயிலுக்கும் வழி உண்டு.

5. கடதாசி எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

உங்கள் லயத்தில் யாராவது இந்த வெட்டு செய்து, கிளினிக் போகாமல் நிறுத்தியிருந்தால், இந்த மடலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருடைய கொப்பியை எடுத்து அடுத்த திகதி என்னவென்று பாருங்கள். திகதி தாண்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை. வருகிற கிளினிக் நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். பிந்தி வந்ததற்கு ஏச்சு விழுந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏச்சு அன்றோடு போய்விடும்.